கம்பளத்தைப் புரட்டிப் பாருங்கள்: பழைய குர்துக் கம்பளங்களை அடையாளம் காண்பது எப்படி?

என்னிடம் ஒரு பழைய கம்பளத் துண்டு இருக்கிறது. இரண்டடிக்கு இரண்டடிகூட வராது. கொக்கி கொக்கியாகக் கை நீட்டும் சாய்சதுரங்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். விற்றவர் “கசாக், காகேசியன்” என்று பில்லில் எழுதிக் கொடுத்தார். கசாக் என்பது காகேசிய மலைப்பகுதிக் கம்பளங்களில் ஒரு வகை. நானும் ஐந்தாறு வருஷம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கசாக் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தூசி தட்டுவதற்காகக் கொடியில் குப்புறப் போட்டேன். அன்றைக்குத்தான் அதன் முதுகைச் சரியாகப் பார்த்தேன். முடிச்சுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்வரிசையில் இல்லை. செங்கல் சுவரில் மேல் கல் கீழ்க் கற்கள் இரண்டின் நடுவே உட்காருமே, அப்படி உட்கார்ந்திருந்தன.

அந்த ஒரு விஷயம் என் துண்டைக் காகேசிய மலையிலிருந்து கிளப்பி, தெற்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி, ஈரான்–ஈராக் எல்லையில் இருக்கும் சாக்ரோஸ் மலைத்தொடரில் கொண்டுபோய் இறக்கியது. அது கசாக் இல்லை, குர்துகள் நெய்தது.

பழைய கம்பளம் பார்க்கப் பழகுகிற எல்லோரும் முதலில் முன்பக்கத்தைத்தான் பார்க்கிறோம். பூ, கொடி, பதக்கம், நிறம். தப்பில்லை, அதற்காகத்தானே நெய்கிறார்கள். ஆனால் கோலம் ஊர்விட்டு ஊர் போகும். பக்கத்து வீட்டுக் கோலம் பிடித்திருந்தால் மறுநாள் நம் வாசலில் வந்துவிடும். கை பழகிய விதம் அப்படிச் சுலபமாக மாறாது. முடிச்சு எப்படிப் போடுவது, ஊடை எத்தனை முறை ஓட்டுவது, ஓரத்தை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் அம்மாவிடமிருந்து மகள் கற்றுக்கொண்டவை. அவை கம்பளத்தின் முதுகில் பதிந்திருக்கும்.

பெயர் தொலைந்த கம்பளங்கள்

குர்துகள் வாழும் நிலம் இன்று துருக்கி, ஈரான், ஈராக், சிரியா என்று நான்கு நாடுகளுக்குள் பிரிந்து கிடக்கிறது. அவர்களுக்கென்று தனி நாடு இல்லை. கம்பள வணிகத்தில் ஒரு பழக்கம் உண்டு: யார் நெய்தார்கள் என்று கேட்பதில்லை, எந்தச் சந்தையில் வாங்கினோமோ அந்த ஊர்ப் பெயரை வைத்துவிடுவார்கள். அதனால் குர்துப் பெண்கள் நெய்தவை ஹமதான் என்றும், கெர்மான்ஷா என்றும், மோசுல் என்றும் விலை போயின. துருக்கியில் இன்னும் மோசம். குர்துகளையே பல காலம் அரசு ‘மலைத் துருக்கியர்’ என்றுதான் சொல்லிவந்தது. அங்கே கம்பளத்துக்கு மட்டும் சரியான பெயர் எப்படிக் கிடைக்கும்? நாடோடி என்று பொருள்படும் ‘யூரூக்’ என்ற சீட்டு ஒட்டப்பட்ட கிழக்கு அனடோலியக் கம்பளங்களில் கணிசமானவை குர்துகளுடையவை.

விளைவு, ‘குர்து’ என்பது கம்பளக் கடையில் மிச்சம் மீதி போடும் கூடை ஆனது. கசாக் இல்லையா? ஹமதானும் இல்லையா? சரி, குர்து என்று எழுது. ஈராக்கிலும் ஈரானிலும் பணியாற்றிய அமெரிக்கத் தூதரக அதிகாரி வில்லியம் ஈகிள்டன் 1988இல் இந்த நெசவுகளுக்கென்றே ஒரு அறிமுக நூல் எழுதினார். அந்தக் காலகட்டத்தில்தான் சேகரிப்பவர்கள் அந்தக் கூடையைக் கிளறி, உள்ளே இருப்பதைப் பிரித்து அடுக்க ஆரம்பித்தார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குர்துக் கம்பளம் என்றால் ஒரே மாதிரி என்று நினைத்துவிடக் கூடாது. அரண்மனைக்காரர்கள் விரும்பிய மெல்லிய கம்பளமும் அதுதான். ஆட்டு மந்தையோடு நடக்கும் குடும்பம் உப்பு போட்டுவைத்த குறுகிய கழுத்துப் பையும் அதுதான். ஆகவே கேள்வி இரண்டு: இது குர்துகள் நெய்ததா? ஆமென்றால், எந்தக் குர்துகள்?

முதுகைப் படிப்பது

நெசவுச் சொற்கள் நமக்குப் புதிதல்ல. நீளவாக்கில் இழுத்துக் கட்டியது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. கம்பளத்தில் கூடுதலாக ஒன்று: ஒவ்வொரு வரிசையிலும் பாவு நூல்களில் வண்ணக் கம்பளி நூலை முடிச்சிட்டு நுனியை வெட்டிவிடுவார்கள். மேலே மெத்தென்று நிற்பது அந்த நுனிகள்தான்; அதைத்தான் கம்பளத்தின் முடி என்கிறேன். ஒரு வரிசை முடிச்சு முடிந்ததும் ஒன்றிரண்டு ஊடை ஓட்டி, சீப்பு போன்ற கருவியால் அடித்து இறுக்கிவிட்டு அடுத்த வரிசைக்குப் போவார்கள்.

முடிச்சில் இரண்டு முக்கிய வகை. சமச்சீர் முடிச்சில் நூல் பக்கத்துப் பக்கத்து இரண்டு பாவுகளையும் சுற்றிவந்து, இரு நுனியும் அந்த இரண்டுக்கும் நடுவே ஒன்றாக வெளியே வரும். மற்றதில் நூல் ஒரு பாவை மட்டும் முழுசாகச் சுற்றி, அடுத்ததன் பின்னால் நுழைந்து, நுனிகள் தனித்தனி இடைவெளியில் வரும். முதலாவதைத் துருக்கி முடிச்சு என்றும் இரண்டாவதைப் பாரசீக முடிச்சு என்றும் சொல்வது வழக்கம். வீட்டிலேயே பார்க்கலாம்: கம்பளத்தை முடிச்சு வரிசையோடு குறுக்கே மடித்து, முடியைப் பிரித்து அடியைப் பாருங்கள். இரண்டு பாவுகளின் மேலும் ஒரு சின்னக் காலர் மாதிரி நூல் படுத்திருந்து, அதன் அடியிலிருந்து இரண்டு நுனியும் ஜோடியாக வந்தால் அது சமச்சீர் முடிச்சு. பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. போனில் நெருக்கமாகப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாலும் போதும்.

குர்துகளின் முடிச்சு, அரிய விதிவிலக்குகள் போக, சமச்சீர் முடிச்சு. ஆகவே பாரசீக முடிச்சைக் கண்டால் ‘குர்து’ என்ற ஊகத்தை ஓரமாக வைத்துவிடலாம். தலைகீழாக இந்த வாதம் செல்லாது. துருக்கியர், அசர்பைஜானியர், காகேசியர், ஹமதான் கிராமத்தார், லூர் இனத்தார் என்று பலரும் போடுவது இதே சமச்சீர் முடிச்சைத்தான். ஆளைத் தள்ளிவிட உதவும் சாட்சி இது. ஆளைப் பிடித்துக் கொடுக்கும் சாட்சி இல்லை.

அடுத்தது பாவும் ஊடையும் எதனால் ஆனவை என்பது. கிராமத்து, மேய்ச்சல்காரக் குர்துகளின் பழைய கம்பளங்களில் பாவு பெரும்பாலும் கம்பளி. வெள்ளையும் பழுப்புமாக இரு நிற நூலைச் சேர்த்து முறுக்கிய பாவை அடிக்கடி காணலாம். சிலவற்றில் வெள்ளாட்டு முடி கலந்திருக்கும். எப்படித் தெரியும்? கம்பளத்தின் இரு முனையிலும் தொங்கும் குஞ்சம் எதுவென்று நினைக்கிறீர்கள்? அதுதான் பாவு நூல். ஊடை பழுப்பாகவோ சிவப்புச் சாயம் ஏற்றியோ இருக்கும். ஒரே கம்பளத்தில் பாதி வழியில் ஊடையின் நிறம் மாறுவதும் சகஜம். கையில் இருந்த நூல் தீர்ந்திருக்கும், இருந்ததை எடுத்து ஓட்டியிருப்பாள். இந்தக் கவலையின்மை எனக்குப் பிடிக்கும். பட்டறையில் இதைச் செய்ய முடியாது. ஓரங்களையும் பாருங்கள்: பல நிறக் கம்பளி மாற்றி மாற்றிச் சுற்றியிருக்கிறதா, அல்லது ஒரே நிறத்தில் புதுசாகச் சுற்றியிருக்கிறதா? ஓரம்தான் முதலில் தேய்கிற இடம் என்பதால் பாதிக் கம்பளங்களில் யாரோ பிற்பாடு மாற்றியிருப்பார்கள். மாற்றிய ஓரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

ஒரு மாகாணம், இரண்டு ஊர், இரண்டு முதுகு

பழகுவதற்கு மிக நல்ல ஜோடி சென்னேயும் பீஜாரும். இரண்டும் ஈரானின் குர்திஸ்தான் மாகாணத்தில் இருப்பவை. ஒன்றை விரல் நுனியிலும் மற்றதை முதுகெலும்பிலும் உணரலாம் என்று சொன்னால் மிகையில்லை.

சென்னே (நம் சென்னையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) இன்றைய சனந்தாஜ் நகரம். அர்தலான் என்ற குர்து அரச வம்சத்தின் தலைநகராக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இருந்தது. அரசவையும் பிரபுக்களும் இருந்தால் மெல்லிய வேலைக்கு ஆதரவும் இருக்கும். சென்னேக் கம்பளத்தின் முதுகில் கையை வைத்துத் தடவுங்கள். உப்புத்தாள் மாதிரி நறநறவென்று இருக்கும். காரணம் எளிது. ஒவ்வொரு முடிச்சு வரிசைக்கும் பிறகு ஒரே ஒரு ஊடைதான். அது ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாவுகளின் பின்னால் போகும். அடுத்த வரிசையில் போன முறை விட்டவற்றின் பின்னால் போகும். அதனால் முதுகு முழுக்க வெள்ளைப் புள்ளிகள் மாறி மாறித் தெரியும், உப்பும் மிளகும் தூவினாற்போல. பாவு பருத்தி, உயர்ந்த ரகங்களில் பட்டு. பட்டுப் பாவைச் சில கம்பளங்களில் பல நிறப் பட்டைகளாகச் சாயம் ஏற்றியிருப்பார்கள். அப்போது குஞ்சம் வானவில் மாதிரி தொங்கும். ‘ஹஃப்த் ரங்’, அதாவது ஏழு நிறம், என்று அதற்குப் பெயர்.

ஒற்றை ஊடை ஹமதான் கிராமங்களிலும் உண்டு. ஆனால் அங்கே நூல் தடிமன், முடிச்சு பெரிசு. சென்னேயில் எல்லாமே பொடி. கம்பளம் துணி மாதிரி மடியும். கோலங்களில் ஹெராத்தி அதிகம்: நடுவே பூ, அதைச் சுற்றிச் சாய்சதுரம், வெளியே வளைந்த நான்கு இலைகள். இலைகள் மீன் மாதிரி இருப்பதால் ஈரானில் இதை ‘மாஹி’, மீன் என்றே சொல்கிறார்கள். இன்னொன்று ‘போத்தே’, பட்டுப்புடவையில் நாம் மாங்காய் என்கிறோமே, அதே உருவம். குதிரைச் சேணத்தின் மேல் போடுவதற்கென்று, கைப்பிடி நுழைய நடுவில் பிளவு விட்டு நெய்த சென்னேக் கம்பளங்கள்கூட உண்டு. முடிச்சில்லாத சென்னே கிலிம்களும் அதே பொடிப் பூக்களோடு வரும்.

ஒரு வேடிக்கை. பாரசீக முடிச்சுக்கு வணிகத்தில் பல காலமாக வழங்கும் மறுபெயர் ‘சென்னே முடிச்சு’. ஆனால் சென்னேயில் போடுவது துருக்கி முடிச்சு! பெயர் வைத்தவர்கள் யாரும் முதுகைப் புரட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

சரி, இப்போது பீஜார். தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும், கனம். பாரசீகத்தின் இரும்புக் கம்பளம் என்று வணிகர்கள் சொல்வது விளம்பரத்துக்காக மட்டும் இல்லை. ஒரு வரிசைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஊடைகள் ஓடும். அவற்றில் ஒன்று தடித்தது, விறைப்பானது. அது ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாவுகளை மற்றவற்றின் பின்னால் தள்ளிவிடும். ஊடையை நனைத்து, கனத்த இரும்புச் சீப்பால் அடித்து இறுக்குவார்கள். காய்ந்ததும் பலகை. இதை மடிக்கக் கூடாது, சுருட்டத்தான் வேண்டும். அதுவும் ஜாக்கிரதையாக. பழைய பீஜாரைத் துணி மடிப்பதுபோல மடித்தால் உள்ளே நூல் அறுந்து நிரந்தரக் கோடு விழுந்துவிடும். பழையவற்றில் பாவு கம்பளி, பிற்காலத்தில் பருத்தி.

இங்கே ஆரம்பநிலையில் எல்லோரும் செய்யும் ஒரு தப்பைச் சொல்ல வேண்டும், நானும் செய்ததுதான். சமச்சீர் முடிச்சு ஒவ்வொன்றும் முதுகில் இரண்டு சின்ன மேடாகத் தெரியும், பாவு ஒன்றுக்கு ஒரு மேடு. இதைத் தெரியாமல் எண்ணினால் ஒரு முடிச்சை இரண்டாக எண்ணிவிடுவோம். கம்பளம் திடீரென்று இரு மடங்கு நுட்பமாகிவிடும். பீஜாரில் ஒரு பாவு மற்றதன் பின்னால் முழுக்க மறைந்துவிடுவதால் ஒரு முடிச்சுக்கு ஒரு மேடுதான். எண்ணத் தொடங்குமுன், ஒரு நிறம் ஒரே ஒரு முடிச்சாக வரும் இடத்தைத் தேடுங்கள். அங்கே எத்தனை மேடு என்று பார்த்துவிட்டு, அளவுகோலை வைத்து ஓர் அங்குலத்துக்குக் குறுக்கே எத்தனை, மேலே எத்தனை என்று எண்ணிப் பெருக்குங்கள். என் துண்டில் குறுக்கே 8, மேலே 9. சதுர அங்குலத்துக்கு 72. நல்ல சென்னேயில் இது 200ஐச் சாதாரணமாகத் தாண்டும். எண்ணிக்கை கூடினால் தரம் கூடும் என்று கடைக்காரர்கள் சொல்வதை ரொம்ப நம்ப வேண்டாம். மேய்ச்சல்காரர்களின் கம்பளத்துக்கு அந்தக் கணக்கே பொருந்தாது.

பீஜாரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அந்த வட்டாரத்தில் குர்துகள் மட்டும் இல்லை. வடமேற்கே தக்காப் பக்கம் துருக்கிய மொழி பேசும் அஃப்ஷார்களும் இதே மாதிரி இறுக்கமாக நெய்தார்கள். ‘பீஜார்’ என்பது நெசவு முறையின் பெயர். நெய்தவளின் தாய்மொழி எது என்று அது சொல்வதில்லை. அந்த ஊரில் நெய்த ‘வாகிரே’ என்ற மாதிரித் துண்டு கையில் கிடைத்தால் விடாதீர்கள்: ஒரு மூலையில் பாதிப் பூ, இன்னொரு பக்கம் மூன்று வகை விளிம்பு, எதுவும் முழுமையாக இருக்காது. பெரிய கம்பளம் நெய்கிறவர்கள் பார்த்து நெய்ய வைத்திருந்த மாதிரிப் படம் அது.

செங்கல் அடுக்கு

இனி என் துண்டுக்கு வருகிறேன். சாதாரணமாக முடிச்சு 1, 2ஆம் பாவுகளில் ஒன்று, 3, 4இல் ஒன்று என்று விழும். மேல் வரிசையிலும் அதே ஜோடிகள். செங்கல் அடுக்கில் அடுத்த வரிசை ஒரு பாவு தள்ளி, 2, 3இல் ஒன்று, 4, 5இல் ஒன்று என்று விழும். ஏன் இந்த வேலை? சாய்கோட்டுக்காக. நேரடுக்கில் சாய்கோடு ஒவ்வொரு படிக்கும் ஒரு முழு முடிச்சு நகர வேண்டும். பல்லுப் பல்லாகத் தெரியும். தள்ளி அடுக்கினால் அரை முடிச்சு நகர்ந்தால் போதும். கோடு செங்குத்தாகவும் வழுவழுப்பாகவும் ஏறும். கொக்கி வைத்த சாய்சதுரம் நெய்கிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்!

இந்த உத்தியையும் இந்தக் கோலத்தையும் சேர்த்துப் பார்த்தால் கை நீட்டும் திசை ஜாஃப். ஈராக்கின் சுலைமானியா பக்கத்துச் சமவெளிக்கும் ஈரானின் மலைமேல் புல்வெளிக்கும் இடையே பருவந்தோறும் போய்வந்த பெரிய குர்துக் கூட்டமைப்பு அது. அவர்கள் நெய்தவற்றில் அதிகம் மிஞ்சியிருப்பது பைகள். கழுதை, குதிரை முதுகின் இரு பக்கமும் தொங்கும் ஜோடிப் பைக்குக் ‘கோர்ஜின்’ என்று பெயர். பையின் முகம் மட்டும் முடிச்சிட்டது. முதுகு தட்டையான பட்டை நெசவு. வணிகர்கள் பையைப் பிரித்து முகத்தை மட்டும் வெட்டி விற்றார்கள்; அதனால்தான் இரண்டடிச் சதுரங்களாக இவ்வளவு கிடைக்கின்றன. நான்கு ஓரத்தையும் பார்த்தால் வெட்டியதன் தடம் தெரியும். என் துண்டின் மேல் விளிம்பில், பையின் வாயைக் கட்டுவதற்கு விட்ட பிளவின் மிச்சம் ஒன்று இருக்கிறது. விற்றவர் அதைக் கிழிசல் என்று சொல்லி விலையில் கொஞ்சம் குறைத்தார்!

செங்கல் அடுக்கு என்றாலே ஜாஃப் என்று குதித்துவிடவும் கூடாது. துர்க்மேனியர் சிலரிடமும் கிழக்கு அனடோலியாவிலும் இது உண்டு. குர்துகளிலேயே சௌஜ் புலாக் பகுதியில் உண்டு. குளிர்ந்த ஊற்று என்று பொருள்படும் அந்தத் துருக்கியப் பெயர் கொண்ட ஊர்தான் ஈரானில் இன்றைய மஹாபாத். 1946இல் சில மாதங்கள் மட்டும் நீடித்த குர்துக் குடியரசின் தலைநகர். ஆழ்ந்த நீலம், கத்தரிக்காய் ஊதா, பளபளக்கும் கம்பளி. பழைய அரண்மனைக் கம்பளக் கோலங்களை எடுத்துப் பெரிசாக்கி, கோணல்மாணலாக, தைரியமாக நெய்தவர்கள் அவர்கள். சொந்த விருப்பத்தைச் சொல்லலாமென்றால், குர்து நெசவில் எனக்கு இதற்கு மிஞ்சியது இல்லை.

கோலம் ஊர் மாறும், கை மாறாது என்று சொன்னேனே, அதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கொராசானில் இருக்கிறது. 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஈரானின் அரசர் ஷா அப்பாஸ் குர்துக் குடிகளை மேற்கிலிருந்து பெயர்த்து, உஸ்பெக்குகளுக்கு எதிராக எல்லை காக்க வடகிழக்கு ஈரானில் குடியமர்த்தினார். கூச்சான், போஜ்னூர்த் பக்கம் அவர்களின் சந்ததி இன்றும் வாழ்கிறது. பக்கத்து வீட்டார் துர்க்மேனியரும் பலூச்சிகளும். அவர்களுடைய எண்கோணப் பூக்களைக் குர்துகள் தாராளமாக எடுத்துக்கொண்டார்கள். முன்பக்கம் பார்த்தால் பலூச் என்றுதான் தோன்றும். புரட்டினால் சமச்சீர் முடிச்சு. பலூச்சிகள் பெரும்பாலும் பாரசீக முடிச்சுக்காரர்கள்.

கிழக்கு அனடோலியாவை வேகமாகக் கடந்துவிடுகிறேன். அங்கே நீண்ட முடி, கறுத்த பாவு, இரண்டு பாதியாக நெய்து நடுவில் தைத்த கிலிம்கள். 1915க்கு முன் அங்கே அர்மேனியரும் குர்துகளும் அடுத்தடுத்து வாழ்ந்து நெய்தார்கள். எழுத்துப் பொறிப்பு ஏதும் இல்லாவிட்டால் இரண்டையும் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே சிரமம்.

கசாக்கிலிருந்து எப்படிப் பிரிப்பது என்று கேட்பீர்கள். இரண்டிலும் சமச்சீர் முடிச்சு, இரண்டிலும் கம்பளிப் பாவு, இரண்டிலும் சிவப்பு ஊடை வரலாம். ஒரே ஒரு சோதனையில் முடியாது. பாவு பழுப்பும் வெள்ளையும் கலந்ததா, முடிச்சு தள்ளி அடுக்கியதா, ஊடை நிறம் வழியில் மாறுகிறதா, ஓரக்கட்டு பல நிறமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எந்தப் பக்கம் தராசு சாய்கிறது என்று பார்க்க வேண்டும்.

எவ்வளவு பழசு?

வணிகத்தில் நூறு வருஷத்தைத் தாண்டினால் ‘ஆன்ட்டிக்’. நம் கைக்கு எட்டும் பழைய குர்துக் கம்பளங்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கமும்தான். அதற்கு முந்தையது என்று யாராவது சொன்னால், பர்ஸை மூடிவைத்துவிட்டுக் கேளுங்கள்.

காலத்துக்கு நல்ல சாட்சி சாயம். சிவப்புக்கு நம் மஞ்சிட்டியின் மேற்காசிய உறவுக்காரச் செடியின் வேர். நீலத்துக்கு அவுரி, அதில் இந்திய அவுரி அங்கே பெரிய வணிகச் சரக்கு. பழுப்புக்கு வால்நட் தோல். சாயம் பிடிக்கப் படிகாரம். கரும்பழுப்புக்கு இரும்புச் சத்து சேர்ப்பார்கள். அது காலப்போக்கில் கம்பளியை அரித்துவிடும். பழைய கம்பளத்தில் கறுப்புக் கோடுகள் மட்டும் பள்ளமாக இறங்கியிருந்தால் அதுதான் காரணம். 1856இல் லண்டனில் பெர்கின் முதல் செயற்கை ஊதாவைக் கண்டுபிடித்தார். 1859இல் ஃபூக்சின் என்ற மெஜந்தா வந்தது. 1878இல் பான்சோ என்ற செஞ்சிவப்பு. ஈரானின் கஜார் அரசு இவற்றின் இறக்குமதியைத் தடை செய்து பார்த்தது, நின்றபாடில்லை.

இதில் கணக்கு நேரானது. ஒரு சாயம் கண்டுபிடிப்பதற்கு முன்பு அந்தச் சாயத்தில் கம்பளம் நெய்திருக்க முடியாது. ஃபூக்சின் வெளிச்சத்தில் வெளுத்துச் சாம்பலாகிவிடும். முடியைப் பிரித்து அடியைப் பாருங்கள்; நுனி சாம்பலாகவும் அடி பளிச்சென்ற ரோஜா ஊதாவாகவும் இருந்தால் மாட்டிக்கொண்டது. ஈர வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தை மெதுவாக ஒற்றினால் சிவப்பு ஒட்டிக்கொள்கிறதா என்றும் பார்க்கலாம். ஆனால் இயற்கைச் சாயம் மட்டும் இருப்பதால் பழசு என்று சொல்ல வழியில்லை. மலைக்கிராமங்களில் அது 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1980களில் துருக்கியில் மறுபடி உயிர் பெற்று, இன்று புதுக் கம்பளங்களிலும் தாராளம். ஒரே நிறம் பட்டை பட்டையாக மாறுவதை, அதாவது ‘அப்ராஷை’, காட்டி இது பழமைக்கு அடையாளம் என்று கடையில் சொல்வார்கள். வேண்டுமென்றே அப்படி நெய்யவும் முடியும்.

கார்பன் தேதி பார்க்கலாமே என்று தோன்றும். 1650க்குப் பிறகான பொருள்களுக்கு அந்த முறை தெளிவான விடை தருவதில்லை. நம் கம்பளங்கள் எல்லாம் அந்தக் காலத்துக்குள்தான் வருகின்றன.

சிலவற்றில் ஆண்டே நெய்திருக்கும். இதில்தான் பெரிய கூத்து. 1312 என்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். இது ஹிஜ்ரி ஆண்டு. சந்திர ஆண்டு சிறியது என்பதால், 1312ஐ 33ஆல் வகுத்து (ஏறக்குறைய 40) கழித்தால் 1272; அதோடு 622ஐக் கூட்டினால் 1894. முடிந்ததா? இல்லை. ஈரான் 1925இல் சூரிய ஹிஜ்ரிக்கு மாறியது. அந்தக் கணக்கில் 1312 என்பது 1933. எது சரி என்று சாயமும் நெசவும்தான் சொல்ல வேண்டும். அப்புறம், நெய்தவளுக்கு எழுத்து தெரியாமல் எண்ணைத் தலைகீழாகவோ கண்ணாடியில் பார்த்ததுபோலவோ நெய்திருக்கலாம். முதல் இலக்கத்தை விட்டிருக்கலாம். பாரசீக எண்களில் 3க்கும் 2க்கும் ஒரு பல்தான் வித்தியாசம். நாலு முடிச்சைப் பிடுங்கிவிட்டால் 1312 என்பது 1212 ஆகிவிடும். கம்பளத்துக்கு ஒரே ராத்திரியில் நூறு வயது கூடிவிடும். எண் இருக்கும் இடத்தின் முதுகைத் தடவிப் பார்க்க மறக்காதீர்கள்.

சீட்டு எழுதுவது

யாரிடமாவது கருத்துக் கேட்பதென்றால் முன்பக்கப் படம் மட்டும் அனுப்பாதீர்கள். அளவுகோல் வைத்த முதுகு, ஓரம், இரு முனைகள், பிரித்துப் பிடித்த முடி. முன்பக்கத்தோடு சேர்த்து இந்த ஐந்தும் இருந்தால் எதிரில் இருப்பவர் பேச முடியும்.

எழுதும்போது தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதுங்கள். ‘சாக்ரோஸ், சமச்சீர் முடிச்சு’ என்பது கௌரவமான சீட்டுதான். அதற்கு மேல் போனால் ‘குர்து, வடமேற்கு ஈரான்’. இன்னும் துணிந்தால் ‘பெரும்பாலும் ஜாஃப்’. ஒவ்வொரு படிக்கும் முதுகில் ஒரு காரணம் கைகாட்ட இருக்க வேண்டும்.

என் துண்டின் பின்னால் ஒட்டியிருந்த கசாக் சீட்டை எடுத்துவிட்டு ‘பைமுகம், குர்து, பெரும்பாலும் ஜாஃப், 1850ஐ ஒட்டி’ என்று எழுதி வைத்திருந்தேன். போன வருஷம் ஒரு வெயில் மத்தியானத்தில், சாம்பல் நிறம் என்றே நான் நினைத்திருந்த ஒரு சாய்சதுரத்தின் முடியை ஜன்னலோரம் பிரித்தேன். அடியில் ரோஜா ஊதா. 1850ஐ அடித்துவிட்டு ‘1875–1900’ என்று பென்சிலால் எழுதினேன்.